பருத்திக்காட்டு இசைஞர் இருவர்



நம் தோட்டத்துக் கோயிலில் பஜனை நடக்கும்போது ஆர்மோனியம் வாசிப்பவரின் கைகளை நாம் கவனித்திருப்போம். ஒரு கை பின்புறத் துருத்தியை அசைத்துக் காற்றை ஊட்டும். மறு கை கட்டைகளின் மேல் ஓடும். உள்ளே போன காற்று சிறு உலோக நாக்குகளை அதிரச் செய்ய, அதிலிருந்து ஓசை பிறக்கிறது. இதே நாக்கு முறையில் அமைந்த இன்னொரு கருவிதான் அக்கார்டியன். மலாய்க்காரர்களின் ரொங்கேங், ஜோகெட் ஆட்டங்களில் மார்போடு அணைத்து, இழுத்தும் அமுக்கியும் வாசிக்கிறார்களே, அந்தப் பெட்டி. 1829ஆம் ஆண்டில் வியன்னா நகரில் சிரில் டெமியன் என்பவர் அந்தப் பெயரில் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார்.

அக்கார்டியனில் இரண்டு கைகளுக்கும் வேலை உண்டு. வலக்கை மெட்டை வாசிக்கும். இடக்கை அதற்குக் கீழே கனத்த சுரங்களையும் தாளத்தையும் சேர்க்கும். அந்த இடக்கைக்கு வேண்டுமென்றே ஓய்வு கொடுத்த ஒருவரைப் பற்றியும், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடக்கையின் வேலையை ஏற்றுக்கொண்ட நண்பரைப் பற்றியும் இன்று பேசுவோம். இருவரும் நம்மைப் போன்ற உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள்.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தையும் மெக்சிகோ நாட்டையும் ரியோ கிராண்டே என்ற ஆறு பிரிக்கிறது. ஆற்றின் வடகரையில் பருத்தியும் ஆரஞ்சும் காய்கறிகளும் விளையும் பெரிய பண்ணைகள் தோன்றின. அங்கே குனிந்து பறித்தவர்களும் சுமந்தவர்களும் பெரும்பாலும் மெக்சிகோ மக்களே. நார்சீசோ மார்ட்டீனஸ் 1911ஆம் ஆண்டு மெக்சிகோவிலுள்ள ரெய்னோசாவில் பிறந்தார். அதே ஆண்டில் பெற்றோர் அவரைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து டெக்சஸ் வந்துவிட்டார்கள். வேலை இருக்கும் பண்ணையைத் தேடிக் குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எவ்வளவு கிடைத்திருக்கும் என்பது நம்மில் பலருக்குச் சொல்லாமலே விளங்கும்.

டெக்சஸில் ஜெர்மானியரும் செக் மக்களும் முன்பே குடியேறியிருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த அக்கார்டியனும் போல்கா என்னும் துள்ளல் நடனமும் மெக்சிகோ உழைப்பாளரிடமும் பரவின. மார்ட்டீனஸ் சில காலம் பிஷப் என்ற சிற்றூரில் வாழ்ந்தபோது அந்த அயலாரின் மெட்டுகளைக் காதால் கேட்டே பிடித்துக்கொண்டார்.

பண்ணைக் குடியிருப்புகளில் நடன விருந்து என்றால் மண்தரைதான். மேலே மண்ணெண்ணெய் விளக்கு. சில விருந்துகளில் தன்னோடு ஆடிய பெண்ணுக்கு ஆடவன் மிட்டாயோ வேர்க்கடலையோ பரிசாகக் கொடுப்பது வழக்கமாம். திருமணமானாலும் பிறந்த நாளானாலும் ஓர் அக்கார்டியன்காரர் வந்தால் போதும். சில இடங்களில் ஆட்டுத்தோல் போர்த்திய மேளம் ஒன்றும் துணைக்கு வரும்.

1935ஆம் ஆண்டுவாக்கில் மார்ட்டீனஸோடு சந்தியாகோ அல்மெய்டா சேர்ந்தார். அவரும் 1911இல் பிறந்தவர். அவர் வாசித்தது பாஹோ செக்ஸ்தோ. அது கிதார் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கருவி; ஆனால் உடல் பெரிது, குரல் கனம். இரட்டை இரட்டையாக ஆறு வரிசை, ஆகப் பன்னிரண்டு கம்பிகள். மின்சாரமோ ஒலிபெருக்கியோ இல்லாத திறந்தவெளியிலும் அதன் அடிநாதம் ஆடுவோரின் கால்களை எட்டும்.

அவர்கள் செய்துகொண்ட வேலைப் பிரிவினைதான் நம் பேச்சின் மையம். அவர் வாசித்தது பொத்தான் அக்கார்டியன். அதில் ஒரே பொத்தானை அமுக்கினால் ஒரு சுரம், இழுத்தால் வேறொரு சுரம். இடப்பக்கத்திலோ சில பொத்தான்கள் மட்டுமே. அவையும் துருத்தி போகும் திசைக்குக் கட்டுப்பட்டவை. மெட்டுக்காக இழுக்க வேண்டிய நேரத்தில் தாளம் அமுக்கச் சொல்லும். இந்த இழுபறியில் மெட்டு தடுமாறும். மார்ட்டீனஸ் இடக்கைப் பொத்தான்களைப் பெரும்பாலும் தொடாமலே விட்டுவிட்டார். அடிநாதத்தையும் தாளத்தையும் அல்மெய்டா தம் பன்னிரண்டு கம்பிகளில் எடுத்துக்கொண்டார். கட்டு அவிழ்ந்த வலக்கை வேகமாகவும் தெளிவாகவும் ஓடியது. 'பள்ளத்தாக்கின் சூறாவளி' என்று மக்கள் மார்ட்டீனஸுக்குப் பட்டம் சூட்டினார்கள். அந்தச் சூறாவளிக்கு நிலம் போல இருந்தவருக்கு இப்படி ஒரு பட்டம் வழங்கியதாக நாம் கேள்விப்படவில்லை!

1936இல் புளூபேர்டு என்ற நிறுவனம் இவர்களின் இசைத்தட்டை வெளியிட்டது. அதிலிருந்த 'லா சிச்சரோனேரா' என்னும் போல்கா உடனே பெயர் பெற்றது. பாடல் இல்லாத வெறும் வாத்திய இசை அல்லவா? எந்த மொழிக்காரரிடமும் விற்கலாம் என்று நிறுவனம் கணக்குப் போட்டது. லூயிசியானாவில் பிரெஞ்சு பேசுவோருக்கு அனுப்பிய தட்டுகளில் 'லூயிசியானா பீட்' என்று பெயர் அச்சிட்டார்கள். போலந்து மக்களுக்கு அனுப்பியவற்றில் 'போலந்து நால்வர் குழு' என்று பொருள்படும் பெயர். இரண்டு மெக்சிகோ உழைப்பாளர்கள் நான்கு போலந்துக்காரர்களாகிவிட்ட வேடிக்கை இது. கேட்டவர்களுக்கு ஐயம் எழவில்லை; வாசித்தவர்களுக்குத்தான் பெயர் போயிற்று.

புகழ் வந்தது, பணம் வரவில்லை. மார்ட்டீனஸ் வயலிலும் வேலை செய்தார், லாரியும் ஓட்டினார். பின்னாளில் பிரௌன்ஸ்வில் நகரத்து விலங்குக்காட்சிசாலையில் பராமரிப்பாளராகவும் இருந்தார். அவர் இனத்திலேயே சற்று வசதி கண்டவர்கள் இந்த இசையைத் தாழ்வாக எண்ணி, எக்காளமும் வயலினும் கொண்ட பெரிய வாத்தியக் குழுக்களையே தங்கள் விருந்துகளுக்கு அழைத்தார்கள். அக்கார்டியன் பண்ணைக்கூலிகளின் கருவி என்பது அவர்கள் எண்ணம். நம்மிடையிலும் உறுமி மேளத்தைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்களிடம்தான் அந்தச் சுளிப்பு அதிகம். ஒரு பையன் மேளம் தட்டக் கற்றுக்கொள்ள எத்தனை மாதம் காதைத் தீட்டியிருக்கிறான், கூட்டத்தின் காலசைவுக்குத் தன் கையை எப்படி ஒப்படைத்திருக்கிறான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. டெக்சஸ் உழைப்பாளர் இசையை முறையாக ஆராய்ந்து மனுவேல் பேனியா என்ற அறிஞர் 1985இல் ஒரு நூல் வெளியிட்டார். மார்ட்டீனஸும் அல்மெய்டாவும் முதல் தட்டு வெளியிட்டு அதற்குள் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஓடியிருந்தது.

இந்த இருவர் வாசிப்பின் மேல்தான் பின்னர் பெரிய அடிநாத வாத்தியமும், மேற்கத்திய மேளமும், பாட்டும் சேர்ந்து 'கொன்ஹுந்தோ' என்ற குழு இசை வளர்ந்தது. இன்றும் அந்தக் குழுக்களின் நடுவில் இருப்பவை அக்கார்டியனும் பாஹோ செக்ஸ்தோவுமே. பழைய தட்டுகளை யாரேனும் போட்டுக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தால், முதல் முறை அக்கார்டியனைத் தொடரலாம். அது தானே நம்மை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாம் முறை கம்பிகளை மட்டும் கேட்க முயல வேண்டும். சிறிது கடினம். ஆனால் 'டும்' என்று விழும் அந்தக் கனத்த சுரமும் அதை அடுத்து வரும் மெல்லிய தட்டலும் காதில் பிடிபட்டுவிட்டால், அக்கார்டியன் எதை நம்பி அவ்வளவு துணிச்சலாகத் தாவுகிறது என்பது தெரிந்துவிடும்.

அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் மரபுக் கலைஞர்களுக்கு வழங்கும் உயரிய விருதை மார்ட்டீனஸ் 1983இல் பெற்றார். அல்மெய்டாவோ 1950ஆம் ஆண்டளவில் வட மாநிலமான வாஷிங்டனுக்குப் போய்ப் பண்ணை வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதே விருது 1993இல் வழங்கப்பட்டது. மார்ட்டீனஸ் அதைப் பார்க்கவில்லை. முந்திய ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் காலமாகியிருந்தார்.