மிதிவண்டியும் தமிழ் நடந்த வழிகளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)

 

இலக்கிய விழாவில் மிதிவண்டியைப் பற்றிய பேச்சு எதற்கு என்னும் ஐயம் அவையில் எழக்கூடும். அதற்கு விடை பழந்தமிழிலேயே இருக்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் திருமுருகாற்றுப்படை நீங்கலான நான்கிலும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வழி சொல்கிறான். எந்த நிலத்தில் என்ன விளையும், எந்தக் குடியினர் என்ன உணவு தருவர், இரவில் எங்குத் தங்கலாம் என அவன் விரித்துரைப்பன யாவும் கால்நடையாகச் சென்றவன் கண்டவை. அப்பாட்டுகளின் நடை, நடப்பவனின் நடையே ஆகும்.

அந்தப் பத்துப்பாட்டை 1889-இல் அச்சேற்றித் தந்தவர் உ.வே. சாமிநாதையர். அவருடைய இளமைக்கும் இம்மண்ணுக்கும் உள்ள தொடர்பை ‘என் சரித்திரம்’ படித்தவர் அறிவர். அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ்ச்சுவையைப் பெற்றார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும் பாடம் கேட்டார். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பயின்றார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைவதற்கு முன்னர், அவ்விளைஞர் தமிழைத் தேடி ஊர் ஊராகத் திரிந்த நிலம் இதுவே. இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் சிற்றூர்ப் பாதைகள் வெறும் போக்குவரத்து வழிகள் அல்ல. தமிழ் நடந்த வழிகள்.

நடையின் வேகத்துக்கு இன்று எஞ்சியிருக்கும் அண்மையான உறவு மிதிவண்டியே. நடப்பவர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் செல்வார். மிதிவண்டியில் அவசரமின்றிச் செல்பவர் பன்னிரண்டு முதல் பதினைந்து கிலோமீட்டர் செல்வார். பேருந்தின் சன்னலில் ஊர்ப்பெயர்ப் பலகை ஒரு மின்னல். மிதிவண்டியில் அவ்வூரின் பெயரைப் படிக்கவும், பெயர்க்காரணம் கேட்கவும் பொழுது இருக்கிறது. பொறியின் இரைச்சல் இல்லாமையால் கிணற்றடிப் பேச்சும், பருத்திக்காட்டில் களையெடுப்போரின் பாட்டும் காதில் விழுகின்றன. வட்டார வழக்கு கவிதைக்குள் நுழையும் வாயில் அதுவே. இந்த மேடையிலும் அவையிலும் இருப்பவருள் பலர், வாடகைச் சைக்கிளில் கால் எட்டாமல் குரங்குப்பெடல் போட்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர்களாக இருப்பர். ஊரின் எல்லையைத் தாம் முதன்முதலாகத் தாண்டியது அந்த வண்டியில்தான் என்பதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய பயணத்தை ஒரு கலையாகவே வளர்த்த நாடு பிரான்சு. பிரெஞ்சுப் படை இம்மாவட்டத்துக்கு அயலானதன்று. 1751-இல் ரஞ்சன்குடிக் கோட்டையை ஒட்டிய வாலிகண்டபுரப் போரில் அது ஆங்கிலப் படையோடு மோதியது. அன்று துப்பாக்கியோடு வந்த நாட்டிடம் கற்றுக்கொள்ளத்தக்க ஒன்று உண்டு. செந்தெத்தியேன் நகரில் வாழ்ந்த பால் தெ விவி என்பவர், வெலோசியோ என்னும் புனைபெயரில் எழுதியவர். பந்தயமே மிதிவண்டியின் பயன் என்று கருதப்பட்ட காலத்தில், நாட்டுப்புறத்தை அமைதியாகக் காண்பதே அதன் உயர்ந்த பயன் என்று 1887 முதல் தம் இதழின் வழியே வாதிட்டார். 1930-இல் அவர் மறைந்தார். அவர் விதைத்த எண்ணம் மறையவில்லை. 1997-இல் பர்கண்டிப் பகுதியில், கைவிடப்பட்ட இருப்புப்பாதையொன்று க்ளூனி, ழிவ்ரி ஆகிய ஊர்களுக்கிடையே ஏறத்தாழ 44 கிலோமீட்டர் நீளத்துக்குப் பசும்வழியாக மாற்றப்பட்டது. 2004-இல் அந்நாட்டுச் சாலை விதிகளே பசும்வழி இன்னதென வரையறுத்தன: பொறிவண்டி இல்லாதோர்க்கும் நடப்போர்க்கும் குதிரையில் செல்வோர்க்கும் மட்டுமே உரிய வழி.

அங்கே அமைதியான வழியை மீண்டும் உண்டாக்க வேண்டியிருந்தது. இங்கே அது இன்னும் முற்றும் அழிந்துவிடவில்லை. மார்கழி, தை மாதங்களின் வைகறையில், நாற்கரச் சாலையை விட்டு விலகி ஆலத்தூர் வட்டாரத்து ஊர்ச்சாலைகளில் புகுந்தால் இது விளங்கும். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் கரிசல் நிலத்தின் நடுவே சாத்தனூரில், 18 மீட்டருக்கு மேல் நீண்ட மரமொன்று கல்லாகிக் கிடக்கிறது. அதன் அகவை ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள். நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகுக்கு அறிவித்தார். அடுத்துள்ள காரைப் பகுதியில் மழைநீர் அரித்த செம்மண் ஓடைகளில் பழங்கடலின் உயிர்ச்சுவடுகள் கிடைக்கின்றன. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியின் சுண்ணாம்புப் பாறையில் கடற்சிப்பிகள் அடுக்கடுக்காய்ப் பதிந்துள்ளன. கடல் சென்றுவிட்டது, அதன் கையெழுத்து நிலத்தில் இருக்கிறது.

தெற்கே செல்லச் செல்லக் காலம் மனிதரை நெருங்குகிறது. பழுவேட்டரையர் ஆண்ட பழுவூர்களின் கோயில்களைக் கடந்தால் கரைவெட்டி ஏரி. புள்ளம்பாடி வாய்க்காலின் வழியே காவிரி நீர் பெறும் இவ்வேரி 1999-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024-இல் ராம்சர் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்கே இறங்குகின்றன. வாகன ஒலிக்கு வெருண்டு எழும் பறவை, மிதிவண்டிக்கு அத்துணை அஞ்சுவதில்லை. கொள்ளிடக் கரையை ஒட்டி ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகம் பாடிய ஊர் இதுவே. கடல் கடந்து வந்த அவரும் இவ்வட்டாரத்தின் பேச்சைக் கேட்டே 1732-இல் சதுரகராதி தந்த தமிழரானார். கிழக்கே செயங்கொண்டத்தின் முந்திரிக்காடுகளுக்கு அப்பால் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் ஏறத்தாழ 1025-இல் அமைத்த தலைநகரம் அது. கோயிலைக் காண்போர் பலர். அவன் வெட்டிய சோழகங்கத்தைக் காண்போர் சிலர். பொன்னேரி என்று இன்று வழங்கும் அதன் கரை ஒருகாலத்தில் 16 மைல் நீண்டிருந்ததாக நூல்கள் குறிக்கின்றன. காரில் வருபவர் கோயில் வாயிலில் இறங்கி அங்கேயே ஏறிவிடுவர். ஏரிக்கரையின் நீளத்தை உணர்த்துவது காலோ மிதிவண்டியோதான்.

இதுவரை சொன்னது இன்பமான பகுதி. மறுபுறத்தையும் சொல்லாமல் விடுவது அறமாகாது. சிப்பிகளை விட்டுச்சென்ற அதே கடல்தான் சுண்ணாம்புக் கல்லையும் விட்டுச்சென்றது. அக்கல்லால் அரியலூர் சிமெண்ட் மாவட்டமாயிற்று. பல குடும்பங்களுக்கு அது சோறு போடுகிறது. இந்த மண்டபத்தின் சுவரும் சிமெண்டால் எழுந்ததே. ஆயினும் கல்லேற்றிய லாரிகள் ஓடும் சாலையில் மிதிவண்டிக்காரருக்குக் கிடைப்பது ஓரத்து மண்ணும் புழுதியுமே. அங்கே மிதிவண்டியில் செல்பவர் சுற்றுலாப் பயணியும் அல்லர். அரசு தரும் விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் மேல்நிலை வகுப்பு மாணவி; கேரியரின் இருபுறமும் கேன் கட்டிய பால்காரர்; மண்வெட்டியைக் கம்பியில் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போகும் உழவர். இவர்களுக்கு அமைதியான வழி அழகுணர்ச்சியன்று, உயிர்ப்பாதுகாப்பு. லாரியின் ஒலிப்பானைக் கேட்டுச் சாலையை விட்டு இறங்கி நிற்கும் அம்மாணவியை மறந்துவிட்டு வைகறைப் பயணத்தின் இனிமையைப் பாடும் கவிதை அரைக்கவிதையே ஆகும்.

கவிதைக்கு இதில் என்ன வலிமை என்று கேட்கலாம். புதுக்கோட்டை மாவட்டம் விடை தருகிறது. 1991-இல் அங்கே எழுந்த அறிவொளி இயக்கம், மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, எழுத்தறிவுடன் மிதிவண்டியையும் பெண்களின் கைக்குக் கொண்டுவந்தது. கல் உடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டனர். அறிவொளித் தொண்டர் முத்துபாஸ்கரன் எழுதிய மிதிவண்டிப் பாட்டு ஊர்தோறும் அவர்களோடு சென்றது. 1992-ஆம் ஆண்டு மகளிர் நாளில் ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் மிதிவண்டிகளில் ஊர்வலம் வந்தனர். பாட்டு தனியே நின்று அதைச் செய்யவில்லை. பாட்டு இல்லாமலும் அது நிகழ்ந்திராது.

எனவே இப்பத்தாம் ஆண்டில் இவ்வட்டம் எண்ணிப் பார்க்கத்தக்க பணிகள் இரண்டு. முதலாவது, திங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கவிஞர்கள் கூடி மிதிவண்டியில் ஓர் ஊருக்குச் செல்வது. குன்னத்திலும் செங்கணத்திலும் தொடங்கலாம். ஏரி, ஓடை, நடுகல், கோயில், வழக்குச்சொல் ஆகியவற்றைக் குறித்துவந்து, ஆண்டு முடிவில் இரு மாவட்டங்களுக்கும் ஒரு புதிய ஆற்றுப்படை தொகுக்கலாம். இரண்டாவது, வாய்க்கால் கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் நடப்போர்க்கும் மிதிவண்டியினர்க்கும் மட்டுமே உரிய வழிகள் வேண்டும் என்று, பள்ளிகளை முன்னிறுத்தி, ஆட்சியாளரிடம் கேட்பது. புதிதாக நிலம் கையகப்படுத்த வேண்டாத வழிகள் அவை. மண் கரையைச் செம்மைப்படுத்தி நிழல்மரம் நட்டால் போதும்.

கவிதையால் லாரியை நிறுத்த இயலாது என்பது உண்மை. ஆயினும் எவரும் எழுதி வைக்காத வழி அழியும்போது, அது அழிந்தது என்பதைக்கூட ஒருவரும் அறியார். ஆற்றுப்படைப் பாணர் நடந்த வழிகளுள் இன்று எத்தனை எஞ்சியுள்ளன? பாட்டில் இருப்பதால் அவை இல்லாமற் போனதையாவது தமிழ் அறிகிறது. இங்குள்ள வழிகள் இன்னும் இருக்கின்றன. அவை இருக்கும்போதே பாட்டில் ஏறினால், அப்பாட்டைக் கற்கும் பிள்ளை அவ்வழியிலேயே பள்ளிக்குச் செல்லும் காலமும் வரக்கூடும்.