விற்க மாடு இல்லாவிட்டாலும் சந்தைக்குப் போய் வாருங்கள்

சித்திரை பிறந்தால் திருப்பூர் மாவட்டம் வெள்ளகோவில் பக்கத்தில் உள்ள கண்ணபுரத்தில் மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழா வரும். அதையொட்டி மாட்டுச் சந்தை கூடும். காங்கேயம் மாடுகளுக்கென்றே பேர் பெற்ற சந்தை. "விற்க மாடும் இல்லை, வாங்கப் பணமும் இல்லை, அங்கே போய் என்னங்க பண்றது?" என்று இப்போது பல பேர் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

நான் வேளாண்மை அலுவலன். மாட்டு டாக்டர் அல்ல. பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்த புதிதில் அந்தச் சந்தைக்குப் போனேன். காங்கேயம் இனத்தைப் பற்றிப் படித்ததெல்லாம் மனப்பாடம். கன்று செவலையாகப் பிறக்கும், ஆறு மாதம் போல் ஆனால் நிறம் மாறி மயிலையாகும், வளர்ந்த காளைக்குத் திமிலும் தோளும் தொடையும் கறுக்கும். இந்தத் தைரியத்தில் ஒரு காளையைக் காட்டி, "இதுதான் முதல் தரம்" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்தார். "நிறுத்தி வெச்சுப் பார்த்தா எல்லாம் முதல் தரந்தானுங்க சார். நடக்க உட்டுப் பாருங்க" என்றார்.

நடக்க விட்டார்கள். முன்கால் குளம்பு பதிந்த தடத்தின் மேலேயே பின்கால் குளம்பு வந்து விழ வேண்டுமாம். நான் காட்டிய காளைக்கு ஒரு சாண் பின்தங்கி விழுந்தது. அடுத்து நின்ற காளை, பார்வைக்குச் சுமார்தான், அதற்குச் சரியாகத் தடத்தின் மேல் விழுந்தது. ஏரிலும் வண்டியிலும் களைக்காமல் போவது எது என்று அப்போது புரிந்தது. இரண்டு மாட்டையும் ஒரே இடத்தில் பார்த்ததால்தான் அது எனக்குத் தெரிந்தது. அவரவர் கட்டுத்தரையில் அவரவர் மாடு அழகுதான். நூறு மாட்டுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் நம் கன்றுக்கு எலும்பு சிறுத்திருக்கிறதா, தீவனம் பற்றவில்லையா, காளையை மாற்ற வேண்டுமா என்பது கண்ணுக்குத் தெரியும்.

சந்தையில் விலையைத் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துத்தான் பேசுவார்கள். அது தரகருக்கும் வாங்குகிறவருக்கும் உள்ள ரகசியம். ஆனால் மாட்டை யாரும் துண்டு போட்டு மூட முடியாது. வாயைத் திறந்து பல் பார்க்கலாம். ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா, கடை சேர்ந்ததா என்று பார்த்தால் வயசு தெரிந்துபோகும். பையனைக் கூட்டிப் போய் நாலு மாட்டுக்குப் பல் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு அவனை யாரும் ஏமாற்ற முடியாது. சுழி பார்ப்பதும் உண்டு. சுழிக்கும் மாட்டின் உழைப்புக்கும் சம்பந்தம் இருப்பதாக எந்த ஆராய்ச்சியும் எனக்குச் சொல்லவில்லை. ஆனாலும் கெட்ட சுழி என்று ஒருவர் சொல்லிவிட்டால் விலை இறங்கிவிடுகிறது, என்ன செய்ய!

2020 சித்திரையில் ஊரடங்கு. சந்தை கூடவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி அப்போது ஒரு பூச்சிக்காளை வைத்திருந்தார். சுற்று வட்டாரத்துப் பசுக்களெல்லாம் அவர் தோட்டத்துக்குத்தான் சினைக்கு வரும். வருஷா வருஷம் அந்தக் காளையைக் குளிப்பாட்டி, சலங்கை கட்டிச் சந்தைக்கு ஓட்டிப் போவார். விற்பதற்கு அல்ல, நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான். பார்த்தவர்கள் அடுத்த மாதம் பசுவை ஓட்டிக்கொண்டு வருவார்கள். அந்த வருஷம் பார்க்க ஆளில்லை, கேட்க ஆளில்லை. தீவனச் செலவு கட்டவில்லை. வீட்டு வாசலுக்கு வந்த வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டார். அது சரியான விலைதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருக்குச் சந்தை இல்லையே! அந்த ஊரில் அப்புறம் பூச்சிக்காளை இல்லை. பசு பருவத்துக்கு வந்தால் ஆறு மைல் ஓட்டிப் போகிறார்கள். சில பேர் அதற்குச் சலித்துக்கொண்டு பசுவையே விற்றுவிட்டார்கள்.

டிராக்டரும் மோட்டார் பம்பும் வந்தபின் ஏருக்கும் கவலைக்கும் மாடு வேண்டியதில்லை. பால் என்று பார்த்தால் கலப்பினம்தான் அதிகம் கறக்கும். நான் மறுக்கவில்லை. ஆனால் மழை பொய்த்த வருஷத்திலும் கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேலங்காயையும் தின்றுவிட்டு வெயிலில் நிற்கிற மாடு இதுதான். காளை ஒன்று போனால் அதன் கன்றுகளும் போயிற்று என்று அர்த்தம். காளை வளர்ப்பவருக்கு நாம் கொடுக்கிற மரியாதை, அதைப் பார்க்கப் போவதுதான்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். வீட்டில் கன்றுக்குத் தண்ணி காட்டுவது, தீவனம் போடுவது, பால் கறப்பது எல்லாம் பெண்கள். சந்தையில் பார்த்தால் ஆண்கள்தான். எந்தப் பசுவுக்கு மடி நன்றாக இருக்கிறது என்று உங்களைவிட உங்கள் வீட்டுக்காரம்மாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். தேர் பார்க்க வருகிறவர்களை மாடு பார்க்கவும் கூட்டிப் போங்கள்.

மாடு ஓட்டிப் போகிறவர்கள் கோமாரித் தடுப்பூசியைச் சந்தைக்கு மூன்று வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். முந்தின நாள் போட்டுப் பிரயோஜனமில்லை. தோல் கழலை நோய்க்கும் தடுப்பூசி உண்டா என்று உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். உடம்பில் கட்டியோ, வாயில் நுரையோ, காலில் புண்ணோ கண்டால் அந்த மாட்டை வெளியே ஓட்டவே வேண்டாம். சந்தையில் பொதுத் தொட்டியில் தண்ணி காட்டாமல் சொந்த வாளியில் காட்டுங்கள். வாங்கி வந்த மாட்டையும், போய்த் திரும்பிய மாட்டையும் மூன்று வாரம் தனியே கட்டி, மற்ற மாடுகளை முதலில் கவனித்துவிட்டு இவற்றைக் கடைசியில் கவனியுங்கள்.