இசைப் பட்டமும் இல்லத்துக் கணக்கும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் பேசும் இம்மேடையிலே, மெட்ரிக் வரை மட்டுமே பயின்று, ரயில்வே அலுவலகத்தில் பேரேட்டோடு காலங்கழிக்கும் குமாஸ்தாவாகிய நாம் பேச முன்வந்தது துணிவேயாகும். ஆயினும், "உங்களுக்குத் தெரிந்த கணக்கைப் பற்றியே பேசுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ஆகவே, கல்லூரியில் பெறும் இசைப் பட்டம் ஒரு குடும்பத்துக்குப் பணமாக என்ன தரும் என்னும் கணக்கை உங்கள் முன் வைக்கிறோம்.

இது எமக்குப் பொழுதுபோக்கான ஆராய்ச்சியன்று. எம் மூத்த மகள் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேறினாள். ஏழு வயது முதல் தாராவியிலிருந்து மாதுங்காவுக்கு நடந்து சென்று வாய்ப்பாட்டுக் கற்றவள். "இசையையே பட்டப் படிப்பாகக் கொள்வேன்" என்றாள். "பாட்டு சோறு போடுமா?" என்று கேட்டார் எம் தாயார். பி.காம். விண்ணப்பமும் இசை விண்ணப்பமும் எம் வீட்டு அலமாரியிலே பத்து நாட்கள் அருகருகே கிடந்தன.

முதலில் செலவுப் பக்கம். ஆசிரியருக்கு மாதந்தோறும் அளித்த சம்பளம், சுருதிப் பெட்டி, பதினோராண்டு உழைப்பு ஆகியவை முன்னமே செலவாகிவிட்டவை. பட்டம் பெற்றாலும் பெறாவிட்டாலும் அவை திரும்பி வாரா. "இத்தனை செலவழித்தோமே, பட்டத்தையும் வாங்கிவிடுவோம்" என்பது கணக்கறிந்தோர் வாதமன்று. பி.காம். படித்தாலும் மூன்றாண்டு, இசை படித்தாலும் மூன்றாண்டு. வேற்றுமையெல்லாம் படித்து முடித்த பின் திறக்கும் கதவுகளிலேதான் உள்ளது.

இசை கல்லூரிக்குள் நுழைந்தது அண்மைக் காலத்திலேயே. அதற்கு முன் குருகுலமே பள்ளி; குருவின் பெயரே பட்டம். சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி கண்டது 1929ஆம் ஆண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறை தோன்றியது 1932இல். நம் மும்பைப் பல்கலைக்கழகத்தில் அது 1969இல் ஏற்பட்டது. விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901இல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கி, 1908இல் இம்மாநகரிலும் நிறுவினார். மாணவரைத் தங்கவைத்து இசை கற்பித்த அப்பெருந்தகையின் பள்ளி, பிற்காலத்தில் கடன் சுமையால் உடைமைகளை ஏலத்தில் இழந்தது. அவர் 1931இல் மறைந்த பின், சீடர்கள் ஒன்றுகூடி அமைத்த மண்டலம் இன்றளவும் இசைத் தேர்வுகளை நடத்தி வருகிறது. இசைக் கல்விக்கும் பணக் கவலைக்கும் உள்ள உறவு பழையது என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

இனி வரவுப் பக்கம். மேடையில் பாடிப் பொருளீட்ட இப்பட்டம் உதவுமா? உதவாது என்பதே எம் கணக்கு. நம் அருகிலேயே சண்முகானந்த சபை இருக்கிறது. 1952இல் பிறந்த சபை அது. 1963இல் எழுந்த அதன் அரங்கம் 1990இல் தீக்கிரையாகி, 1998இல் மீண்டும் திறக்கப்பட்டது. அவ்வரங்கில் அமர்ந்து நாம் எத்தனையோ கச்சேரிகள் கேட்டிருக்கிறோம். பாடகர் என்ன படித்தார் என்று நம்மில் எவரேனும் கேட்டதுண்டா? எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் கல்லூரியில் பயின்றவரல்லர். 1998இல் பாரத ரத்னா அவரைத் தேடி வந்தது. சஞ்சய் சுப்பிரமணியன் கற்றுத் தேறியது பட்டயக் கணக்கர் தேர்வு. அகில இந்திய வானொலியிலும் குரலைக் கேட்டுத்தான் தரம் வகுக்கிறார்கள், பட்டத்தைப் பார்த்தன்று.

அவ்வாறாயின் பட்டத்தைக் கேட்கும் இடம் எது? ஆசிரியர் பணியே அது. கேந்திரிய வித்யாலயங்களில் தொடக்கநிலை இசை ஆசிரியராக வேண்டின், மேனிலைத் தேர்வில் நூற்றுக்கு ஐம்பது மதிப்பெண்ணும் இசையில் பட்டமும் வேண்டும். 2016 முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழு அட்டவணைப்படி அப்பதவியின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ. 35,400. எம் ரயில்வேயிலும் கலைஞர்களுக்கென ஒதுக்கீடு உண்டு. அதில் பெரும்பாலும் ஒரு மண்டலத்துக்கு ஆண்டுக்கு இரண்டொரு இடங்களே. அதே அட்டவணைப்படி தொடக்கம் ரூ. 19,900. இரண்டுக்கும் மாதம் ரூ. 15,500 வேற்றுமை, ஆண்டுக்கு ரூ. 1,86,000. கல்லூரி ஆசிரியராக விரும்பினால் பொதுவாக முதுகலையும் தேசியத் தகுதித் தேர்வும் வேண்டும். அங்கே தொடக்க ஊதியம் ரூ. 57,700.

தொகையைக் கண்டு மயங்க வேண்டா. இடங்கள் சில, விண்ணப்பிப்போர் பலர். செம்பூரில் எமக்குத் தெரிந்த பெண்ணொருத்தி இசைப் பட்டம் பெற்றும், நான்காண்டுகளாக ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகவே இருக்கிறாள். கோடை விடுமுறையில் அவளுக்குச் சம்பளமில்லை. பி.காம். படித்த அவள் தங்கையோ ஓர் அலுவலகம் விட்டால் மற்றோர் அலுவலகம் செல்கிறாள். இதனை மறைத்துப் பேசுவது பெற்றோரை ஏமாற்றுவதாகும். மேலும், எல்லாச் சான்றிதழும் எல்லா இடத்திலும் செல்லுபடியாகா. பணம் கட்டுமுன், எந்தப் பதவி நாடுகிறோமோ அதன் அறிவிக்கையைப் படித்துப் பாருங்கள். மணம் பேசும்போது சொல்லிக்கொள்ள ஒரு நகை போல இப்பட்டத்தைக் கருதுவோரும் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வது, மூன்றாண்டு உழைப்பில் செய்த நகையைப் பெட்டியில் பூட்டுதல் பெருநட்டம் என்பதே.

ஆகவே நாம் கண்ட முடிவு இது. மேடைதான் குறிக்கோள் என்றால் குருவை விடாது பற்றுக. பிழைப்புக்கு வேறு பட்டம் பெறுக. கற்பித்தலே விருப்பம் என்றால் இசைப் பட்டம் பயனுள்ள முதலீடு. ஆனால் நான்கைந்து ஆண்டு காத்திருக்கக் குடும்பம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

இம்முடிவோடு ஓரிரவு மகளை அழைத்து, "பாடவா விரும்புகிறாய், பாடம் சொல்லவா?" என்று கேட்டோம். அவள் சற்றே சிந்தித்து, "ஞாயிற்றுக்கிழமைகளில் நம் காலனிக் குழந்தைகளுக்குச் சரளி வரிசை சொல்லித் தருகிறேனே அப்பா, அதைத்தான் வாரம் முழுதும் எதிர்பார்த்திருக்கிறேன்" என்றாள். ஈராண்டாக அவ்வகுப்பு எம் வீட்டு முன்னறையிலேயே நடக்கிறது. அந்த இரைச்சலைப் பொறாது நாம் செய்தித்தாளும் கையுமாக வெளியே போய்விடுவது வழக்கம்! கணக்கெழுதத் தெரிந்த எமக்கு அந்த வரவு கண்ணிற் படவில்லை.

இசை விண்ணப்பத்தையே அனுப்பினோம். எம் தாயார் இன்னும் முழுமனதாக உடன்படவில்லை. அவர் அச்சம் பொருளற்றதன்று. பசியறிந்தவர் அச்சம் அது. எனவே, படிப்பு முடிந்த பின் அவள் வேலைக்குக் காத்திருக்கும் காலத்துக்கென இப்போதே மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கத் தொடங்கியுள்ளோம். விண்ணப்பப் படிவத்தின் முன்னே கலங்கி நிற்கும் பெற்றோர் இங்கும் சிலர் இருப்பீர்கள். பட்டத்தின் விலையைக் கேட்குமுன், பிள்ளை எந்தக் கதவைத் தட்ட எண்ணுகிறது என்று கேளுங்கள். கணக்கு அங்கிருந்தே தொடங்கட்டும்.