ஒரு நல்ல பொலிஸ்காரன் போதுமா?



பொலிஸ் ஊழல் படம் எண்டால் கனபேர் உடனே சொல்லுறது 1973இல் வந்த 'சேர்பிக்கோ'. அதே சிட்னி லூமெட் 1981இல் எடுத்த 'பிரின்ஸ் ஒஃப் த சிற்றி'யைப் பற்றி ஆரும் கதைக்கிறதில்லை. இண்டைக்கு அதைத்தான் பார்க்கப்போறம்.

'சேர்பிக்கோ'வில் நாங்கள் நேர்மையான ஒருத்தனின் பக்கம் நிண்டு பார்க்கிறம். இந்தப் படம் அந்த நிம்மதியைத் தராது. டானி சியெல்லோ நியூயோர்க் போதைப்பொருள் பிரிவுப் பொலிஸ்காரன். அவனும் களவு செய்தவன்தான். மனம் குத்த, ஊழலை விசாரிப்பவர்களோடு சேருகிறான். ஒரேயொரு நிபந்தனை: தன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கமாட்டான். அந்த நிபந்தனை என்னவாகுது எண்டதுதான் கதை. ரொபர்ட் லூசி எண்ட உண்மையான பொலிஸ்காரரின் அனுபவத்திலிருந்து வந்தது.

மழையிரவுக் காட்சி ஒண்டு வரும், கவனியுங்கோ. தனக்குத் தகவல் தாற போதை அடிமைக்காக, டானி இன்னொரு அடிமையை அடிச்சு ஹெரோயினைப் பறிக்கிறான். அவன் அரக்கன் இல்லை. அதைச் செய்து கூசிப்போறான். ஆனால் அவனுடைய வேலைக்குத் தகவல் வேணும்; தகவலின் விலை ஹெரோயின்.

'ஒருசில பொலிஸ்காரர்தான் கெட்டவர்கள்' எண்டு அடுத்தமுறை ஆராவது சொன்னால், அந்த மழையை நினையுங்கோ. ஆளை மாத்தினால் போதுமா, அந்த வேலை நடக்கிற விதத்தையே கேள்வி கேட்க வேணுமா?

படம் 167 நிமிசம். முடிய இருந்து கதைப்பம்.