எபிசோட் 41: "பள்ளம்தான்மா"ன்னு நான் சொன்ன பொய்

பொங்கலுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. ரயில் டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்ல நிக்குது, ஆம்னி பஸ் கட்டணத்தைப் பார்த்தா தலை சுத்துது. உங்கள்ல நிறைய பேர் இப்போ "பேசாம கார்லயே போயிடலாம்"னு முடிவுக்கு வந்திருப்பீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் அப்படித்தான் முடிவு பண்ணேன். அந்த ராத்திரி நடந்த ஒரு விஷயத்தை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. இன்னிக்கு சொல்லப் போறேன்.

சென்னையிலிருந்து மேலூர் பக்கத்துல இருக்கற எங்க அப்பத்தா வீட்டுக்குப் போறோம். நான் ஓட்டுறேன், அப்பா பக்கத்துல, அம்மாவும் தங்கச்சியும் பின்னாடி. அன்னிக்கு காலையில ஏழு மணிக்கு எழுந்து, நாள் முழுக்க ஆபீஸ் வேலை பார்த்துட்டு, ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பினேன். "ராத்திரியில ரோடு காலியா இருக்கும்"னு ஒரு நம்பிக்கை. பெருங்களத்தூர் தாண்டவே ஒரு மணி நேரம் ஆச்சு, பரனூர் டோல்ல இன்னும் ஒரு அரை மணி நேரம். விக்கிரவாண்டியில டீ குடிச்சேன். கண்ணு எரிஞ்சுது, ஆனா "திருச்சி தாண்டினா விடிஞ்சிடும்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

பெரம்பலூர் தாண்டி, மணி நாலு இருக்கும். எல்லாரும் தூங்கறாங்க. திடீர்னு கரகரன்னு ஒரு சத்தம். கண்ணைத் திறந்தா இடது பக்க டயர் ரெண்டும் ரோட்டோர மண்ணுல ஓடிக்கிட்டிருக்கு. ஆமா, "கண்ணைத் திறந்தா"ன்னுதான் சொன்னேன். அதுவரைக்கும் என் கண்ணு மூடியிருந்தது எனக்கே தெரியாது. ஸ்டியரிங்கை மெதுவா திருப்பி ரோட்டுக்குக் கொண்டு வந்தேன். அந்த ஓரத்துல அப்போ லாரி எதுவும் நிக்கல. அது என் திறமை இல்ல, அதிர்ஷ்டம்.

பின்னாடியிருந்து அம்மா தூக்கக் கலக்கத்துல கேட்டாங்க: "என்னடா தம்பி, பள்ளமா?"

"ஆமாம்மா, பள்ளம்தான்"னு சொன்னேன்.

அப்புறம் நிதானமா கணக்கு போட்டுப் பார்த்தேன். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்கு 25 மீட்டர். மூணு செகண்ட் கண்ணு மூடினா 75 மீட்டர். மூணு கிரிக்கெட் பிட்ச்சை வரிசையா வெச்சாலும் அதையெல்லாம் தாண்டியிருப்பேன், ஓட்டுறதுக்கு ஆளே இல்லாத ஒரு வண்டியில.

இன்னொரு கணக்கும் இருக்கு. 17 மணி நேரம் தொடர்ந்து முழிச்சிருந்தா, ரத்தத்துல 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருக்கற ஆள் அளவுக்கு நம்ம கவனமும் வேகமும் மந்தமாகிடும்னு ஆய்வுகள் சொல்லுது. நம்ம நாட்டுல சட்டம் அனுமதிக்கற அளவே 30 மில்லிகிராம்தான். ஏழு மணிக்கு எழுந்த எனக்கு 17 மணி நேரம் முடிஞ்சது நள்ளிரவு 12 மணிக்கு. நாலு மணிக்கு 21 மணி நேரம். ஒரு சொட்டுகூட குடிக்காத நான், குடிச்சவனைவிட மோசமான நிலைமையில குடும்பத்தையே ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். இதுக்கு ஊதச் சொல்ற மெஷினும் கிடையாது.

அதோட உடம்புக்குன்னு ஒரு கடிகாரம் இருக்கு. ராத்திரி ரெண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் அது நம்மளைப் படுக்கச் சொல்லும். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறமும் கொஞ்சம் அப்படித்தான். கண்ணாடியை இறக்கி விடறது, பாட்டை சத்தமா வைக்கறது, முகம் கழுவறது, இதெல்லாம் சில நிமிஷத்துக்குத்தான். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான்.

இதுல ரொம்ப ஆபத்தான விஷயம் என்னன்னா, தூக்கம் நம்ம முடிவெடுக்கற திறனையும் காலி பண்ணிடும். "இன்னும் அரை மணி நேரம் ஓட்டிடலாம்"னு சொல்றது நாம இல்ல, தூக்கக் கலக்கத்துல இருக்கற மூளை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்‌ஷன்ல டிப்ளாய் பண்ணக் கூடாதுன்னு நம்ம டீம்ல எல்லாம் ஒரு விதி வெச்சிருப்போம்ல? ஏன்னா அந்த நேரத்துல நம்ம முடிவை நாமளே நம்ப மாட்டோம். காருக்கும் அதேதான். முடிவுகளைக் கிளம்பறதுக்கு முன்னாடியே, தெளிவா இருக்கும்போதே எடுத்து வெச்சிடணும்.

எங்க வீட்டு விதிகளைச் சொல்றேன்.

ஒண்ணு, ஆபீஸ் முடிஞ்ச அன்னிக்கே கிளம்பறது இல்ல. தூங்கி எழுந்து விடியக்காலம் அஞ்சரைக்குக் கிளம்பறோம். அரை நாள் லீவு போகுது, போகட்டும்.

ரெண்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை கட்டாயம் நிறுத்தணும், தூக்கம் வந்தாலும் வராட்டியும். எங்கே நிறுத்தறதுன்னு முன்னாடியே குறிச்சு வெச்சிடறோம்.

மூணு, தூக்கம் வந்தா வெளிச்சமான பெட்ரோல் பங்க்லயோ ஹோட்டல் வாசல்லயோ நிறுத்தி, ஒரு காபி குடிச்சிட்டு 20 நிமிஷம் தூங்கறது. காபி வேலை செய்ய அரை மணி நேரம்போல ஆகும், எழுந்திருக்கும்போது ரெண்டும் சேர்ந்து உதவும். ஆனா கண்ணாடியெல்லாம் ஏத்திட்டு, இன்ஜினை ஓட விட்டு, ஏசியில தூங்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டுட்டுத் தூங்குங்க.

நாலு, இதுதான் முக்கியம். "நிறுத்து"ன்னு சொல்ற உரிமை வண்டியில இருக்கற எல்லாருக்கும் உண்டு. தங்கச்சி சொன்னாலும் சரி, ஓட்டுறவன் காரணம் கேட்கக் கூடாது, வாதாடக் கூடாது. நிறுத்தணும்.

இப்போ பின் சீட்டுக்கு வரேன். அன்னிக்கு ராத்திரி அம்மாவும் தங்கச்சியும் பெல்ட் போடல. போடவும் முடியாது. ஏன்னா சீட் கவர் மாட்டினப்போ பெல்ட் பக்கிள் கவருக்கு அடியில போயிடுச்சு, நாங்க யாரும் அதைக் கவனிக்கவே இல்ல. 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி மகாராஷ்டிராவுல பால்கர் மாவட்டத்துல நடந்த விபத்துல இறந்தது ஞாபகம் இருக்கும். முன்னால இருந்த ரெண்டு பேரும் பலத்த காயத்தோட பிழைச்சாங்க. பின்னால இருந்த ரெண்டு பேரும் இறந்துட்டாங்க. அவங்க பெல்ட் போடலைன்னு போலீஸ் சொன்னாங்க. பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம்னு சட்டமே இருக்கு, அபராதம் 1000 ரூபாய். அதைவிட, பின்னால பெல்ட் போடாதவர் முன் சீட்டுல இருக்கறவர் மேலேயும் போய் மோதுவார். இன்னிக்கே கீழே போய் உங்க கார் பின் சீட்டுல பக்கிள் கைக்கு எட்டுதான்னு பாருங்க.

அப்படியே டயரையும் பார்த்துடுங்க. டயர் ஓரத்துல நாலு இலக்கத்துல ஒரு எண் இருக்கும். 1419-ன்னா 2019-ஆம் வருஷம் 14-ஆவது வாரம் தயாரிச்சதுன்னு அர்த்தம். காத்து எவ்வளவு அடிக்கணும்ங்கறது டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும். டயர் சூடாகறதுக்கு முன்னாடி அடிங்க. ஸ்டெப்னியை மறந்துடாதீங்க, நாம மறக்கற டயர் அதுதான்.

வழியில வண்டி நின்னுட்டா? முடிஞ்சவரை இடது ஓரம் ஒதுக்கி, நாலு இண்டிகேட்டரையும் போடுங்க. சிவப்பு முக்கோணத்தை வண்டிக்கு ரொம்ப பின்னாடி, வேகமா வர்றவங்களுக்கு முன்கூட்டியே தெரியற மாதிரி வைங்க. எல்லாரும் இறங்கி தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. வண்டிக்குப் பின்னாடி நின்னு ஃபோன் பேசாதீங்க. தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108, எதுவும் ஞாபகம் வரலைன்னா 112.

வேற யாராவது அடிபட்டுக் கிடந்தா பயப்படாம உதவுங்க. உதவறவங்களைப் பாதுகாக்க மோட்டார் வாகனச் சட்டத்துல 2019 திருத்தத்துலயே தனிப் பிரிவு சேர்த்தாச்சு. தமிழ்நாட்டுக்குள்ள விபத்துன்னா முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 2021 டிசம்பர்லயிருந்து 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கு. அடிபட்டவர் எந்த ஊரா இருந்தாலும் பரவாயில்ல.

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி, வீட்ல உண்மையைச் சொல்லிடணும்னு தோணுச்சு. நேத்து ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். "அம்மா, அன்னிக்கு அது பள்ளம் இல்லம்மா." அம்மா தட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. அப்பாவும் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் மெதுவா சொன்னார்: "நீ சின்னப் பையனா இருக்கும்போது நானும் ஒருதடவை அதே ரோட்டுல அசந்திருக்கேன்டா. உங்கம்மாகிட்ட சொல்லல."

இருபது வருஷமா ஒரே வீட்டுல ரெண்டு பேர் அதே தப்பைப் பண்ணிட்டு, அதே மாதிரி மறைச்சிருக்கோம். அப்பா அன்னிக்கே சொல்லியிருந்தா, நான் விக்கிரவாண்டியிலேயே நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

அதனால உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்களுக்கும் அப்படி ஒரு "பள்ளம்" இருந்தா, இந்தப் பொங்கலுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி வண்டியில வரப்போறவங்ககிட்ட சொல்லிடுங்க. திட்டு விழும். ஆனா அடுத்த தடவை உங்க கண்ணு சொருகும்போது, "நிறுத்துடா"ன்னு சொல்ல பக்கத்துல ஒருத்தர் முழிச்சிருப்பாங்க.

பத்திரமா போயிட்டு வாங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.