எல்லை எண் உள்ளேயா, வெளியேயா?



சமனிலி என்றதும் பிள்ளைகள் பலர் மருளுகின்றனர். கலைப் பட்டதாரியாகிய யானும் இளம் ஆசிரியனாயிருந்த காலத்தில் குறிகளை மனனஞ் செய்வித்தேன். பிள்ளைகள் புள்ளிகள் பெற்றனர்; பொருளைப் பெறவில்லை. இப்பொழுது எங்கள் பல்லேகல விளையாட்டரங்கைக் கொண்டே அதனை விளக்குகின்றேன்.

2012ஆம் ஆண்டு செப்டெம்பர் 27ஆம் நாள், இருபது ஓவர் உலகக் கிண்ணப் போட்டியில், நியூசிலாந்து அணி அங்கே 174 ஓட்டங்கள் எடுத்தது. இலங்கை வெல்ல வேண்டுமாயின் அதன் ஓட்டங்கள் 174இலும் கூடியனவாதல் வேண்டும். எண்கோட்டில் 174இன்மேல் வெறும் வட்டம் இடுகின்றோம். அவ்வெண் விடையிற் சேராது. ஓட்டங்கள் முழு எண்களாதலின் 175, 176 எனத் தனித்தனிப் புள்ளிகளையே வலப்புறம் குறிக்கின்றோம்.

அன்று இலங்கை எடுத்ததும் சரியாக 174! ஆட்டம் சமநிலையில் முடிந்தது. சுப்பர் ஓவரிலேதான் வெற்றி கிட்டியது. வெறும் வட்டத்தின் பொருளை இதனினும் தெளிவாக யார் கற்பிக்க வல்லார்?

அவ்வாட்டத்திலேயே ஒருவர் வீசும் ஓவர்கள் நான்குக்கு மேற்படலாகாது. இங்கே நான்கு சேரும், வட்டத்தை நிரப்புகின்றோம்.

பதினெட்டு வயதுக்குக் குறையாதவர்க்கு வாக்குரிமை உண்டு. ‘குறையாத’ என்பதைக் ‘கூடிய’ என மாற்றி எழுதினால், சரியாகப் பதினெட்டு நிரம்பிய இளைஞன் வெளியே நிற்பான். ஆதலின், பெற்றோரே, பிள்ளை குறியிடுமுன் சொல்லை ஊன்றி வாசிக்கச் செய்யுங்கள். எல்லையில் நிற்பவர் உள்ளேயா, வெளியேயா என்பதை அச்சொல்லே தீர்மானிக்கின்றது.