தகட்டில் ஒரு கவசம்



கண்டிப் பெரஹரா ஊர்வலத்தில் ஆடி வரும் வெஸ் நடனக் கலைஞரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை அவருடைய உடுப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நெற்றியில் தகடு, தோளில் தகடு, கையில் காப்பு, காலில் சிலம்பு. ஆனால் மார்பை மூடுவது பெரிய தகடு அல்ல. ‘அவுல்ஹார’ என்கிற மணி வலை. உடம்பு வளைகிற இடத்தில் வலை, வளையாத இடத்தில் தகடு. குனிந்து, பாய்ந்து, சுழன்று ஆடுகிறவருக்கு இதுதான் தோதான உடுப்பு.

பொன்னர் சங்கர் கூத்துக்கோ அர்ச்சுனன் தபசுக் கூத்துக்கோ கவசம் செய்ய நினைக்கும் தோட்டத்து இளைஞர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

இப்படிப்பட்ட உலோக வேலை கண்டியில் பழைய மரபு. கண்டி அரசர்களுக்கு ‘பட்டல் ஹதர’ என்று நான்கு பட்டறைகள் இருந்தன. வாள், ஆபரணம், சிம்மாசனம், முடி என்று வேலை பிரிந்திருந்தது. 1815இல் அரசு போனது. ஆதரித்த கையும் போனது. மிஞ்சியிருந்த கைவினைஞர்களின் வேலையைத் தேடிப் பார்த்து, 1908இல் பெரிய நூலாக்கியவர் ஆனந்த குமாரசுவாமி. இன்றைக்கும் கண்டியை அடுத்த நத்தாரம்பொத்தவிலும் பிலிமத்தலாவயிலும் பித்தளை வேலை நடக்கிறது. ஒரு பட்டறை வாசலில் அரை மணி நேரம் நின்று பார்த்தால், புத்தகத்தில் கிடைக்காதது கண்ணில் படும்.

இனி வேலைக்கு வருவோம். எடுத்த எடுப்பில் மார்புக் கவசத்துக்குப் போகாதீர்கள். முன்கைக் கவசத்தில் தொடங்குங்கள். பழைய அட்டைப் பெட்டியை வெட்டிக் கையில் சுற்றுங்கள். முழங்கையை மடக்கிப் பாருங்கள். இடிக்கிற இடத்தை அட்டையிலேயே நறுக்கிவிடுங்கள். அட்டை மலிவு, தகடு விலை.

அளவு சரியானதும் அரை மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் வரைந்து, தகடு வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள். கையுறை அவசியம். விளிம்பை அரத்தால் தேய்த்து, ஒரு விரற்கடையில் பாதியளவு உள்பக்கமாக மடித்துத் தட்டுங்கள். மடித்த விளிம்பு கையைக் கிழிக்காது, தகட்டுக்கும் பலம். பிறகு ஒரு குழாயின் மேல் வைத்து மெல்ல வளையுங்கள்.

பூவோ கொடியோ புடைத்து நிற்க வேண்டுமா? வளைப்பதற்கு முன்பே, மணல் நிரப்பித் தைத்த பையின் மேல் தகட்டைக் கவிழ்த்து, பின்பக்கமிருந்து மரச்சுத்தியலால் தட்டுங்கள். தட்டத் தட்டத் தகடு விறைக்கும். சுத்தியல் துள்ளித் திரும்பும், ஓசையும் மாறும். அதற்கு மேலும் அடித்தால் வெடிப்பு விழும். அப்போது தகட்டைச் சூடாக்கி இளக்க வேண்டும். பித்தளை மங்கலாகச் சிவந்து பதத்தைக் காட்டும். அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும். அதனால் சவர்க்காரத்தால் அதன் மேல் கோடு போட்டுவிட்டு, அடுப்புச் சுவாலையை அங்குமிங்கும் நகர்த்திக் காட்டுங்கள். சவர்க்காரக் கோடு கறுத்ததும் நெருப்பை எடுத்துவிடுங்கள். ஆறிய தகடு மறுபடி சொன்னபடி கேட்கும்.

ஓர் எச்சரிக்கை. கூரைக்குப் போடும் நாகம் பூசிய தகரத்தை நெருப்பில் காட்டவே கூடாது. அதன் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பித்தளையையும் காற்றோட்டமான வெளியிலேயே சூடாக்குங்கள்.

கடைசியாக, தோல் வார் வைத்து ரிவெட் ஆணி அடியுங்கள். உள்ளே துணி ஒட்டுங்கள்; வியர்வை பட்டுத் தோல் உரசாது. தோளுக்கும் மார்புக்கும் போகும்போது ஒரே தகடாகச் செய்யாமல், சிறு தகடுகளை வாரில் கோத்துவிடுங்கள்.

கவசத்தை அணிந்துகொண்டு, மேடை ஏறும் முன் ஒருமுறை முழு ஆட்டத்தையும் ஆடிப் பாருங்கள். எங்கே தடுக்கிறதோ, அங்கே குறை ஆட்டத்தில் இல்லை, தகட்டில்தான். அந்த இடத்தை வெட்டுங்கள்.